ஜெர்மனியில் ஃபீஸே கிடையாதாமே? பையன் மெக்கானிக்கல், 7.4

12 மே 2024, வாசகர் கேள்வி

வணக்கமுங்க. நான் பரமத்தி வேலூர் பக்கம், கூட்டுறவு சொசைட்டியில கிளார்க். பையன் மெக்கானிக்கல் கடைசி செமஸ்டர். சிஜிபிஏ 7.4, அரியர் எதுவும் இல்லை. பக்கத்து ஊர்ல ஒரு கன்சல்டன்சியில, ஜெர்மனி போனா காலேஜ் ஃபீஸே கிடையாது, வர்ற அக்டோபர்லயே அனுப்பிடறோம், சர்வீஸ் சார்ஜ் மட்டும் மூணே முக்கால் லட்சம் கட்டுங்கன்னு சொல்றாங்க. ஊரான் ஊட்டுப் பையனுக்கு ஒரு அரசாங்கம் எதுக்குங்க சும்மா படிப்புச் சொல்லித் தரணும்? எங்கயோ கொக்கி இருக்குதுன்னு மனசுக்குப் படுது. அங்க படிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

12 மே 2024, இரவு

ஃபீஸ் கிடையாது என்பது நிஜம். கொக்கி அந்த மூணே முக்கால் லட்சத்தில் இருக்கிறது.

நான் கோபிச்செட்டிபாளையம். கோயம்புத்தூரில் இசிஇ முடித்துவிட்டு, கிழக்கு ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். இப்போதும் இந்த நாட்டில்தான் வேலை. படித்த காலம் முழுக்கப் பல்கலைக்கழகத்துக்கு நான் கட்டியது செமஸ்டர் தொகை மட்டும்தான். மாணவர் விடுதி, கேன்டீன் நடத்தும் அமைப்புக்கும் டிராம், பஸ் பாஸுக்கும் போகிற காசு அது. ஊருக்கு ஊர் மாறும், 100 யூரோவிலிருந்து 400 வரை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் பையனும் அதையேதான் கட்டுகிறான்.

ஆனால் விசாவுக்கு முன்னால், ஒரு வருடச் சாப்பாடு, வாடகைக்குப் பையனிடம் பணம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். இன்றைய தேதிக்கு 11,208 யூரோ, ஏறக்குறைய 10 லட்சம் ரூபாய். அது யாருக்கும் போகாது, உங்கள் பணம்தான். பையன் வந்து இறங்கியபிறகு மாதம் 934 யூரோவாக அவன் கைக்கே வரும். இதைக் கன்சல்டன்சியில் சொன்னார்களா?

அக்டோபர் விஷயம். ஏபிஎஸ் சான்றிதழ் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த அக்டோபரை மறந்துவிடுங்கள்.

13 மே 2024

ஏபிஎஸ் என்றால் என்ன என்று கீழே கேட்டிருக்கிறார்கள். நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் அசல்தானா, இங்கே படிக்கத் தகுதி உண்டா என்று பார்த்து டெல்லியிலிருந்து தரும் சான்று. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். 18,000 ரூபாய். சீனாவுக்கும் வியட்நாமுக்கும் ரொம்ப வருடமாகவே உண்டு, நாம் தாமதமாக வந்து சேர்ந்தோம். வாரக்கணக்கில் ஆகும், சீசனில் இன்னும் இழுக்கும். இது இல்லாமல் விசா விண்ணப்பம் நகராது.

15 மே 2024

"எதுக்குங்க சும்மா" என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் பிடித்த கேள்வி.

இங்கே உயர்கல்வி மாநிலங்களின் கையில். மாநிலங்கள் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்தியில் போட்ட தடையை 2005ல் அரசியல் சாசன நீதிமன்றம் தள்ளிவிட்டது. உடனே சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்க ஆரம்பித்தன. 500 யூரோ! நம்மூர் மேனேஜ்மென்ட் கோட்டா ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே மாணவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஹெஸ்ஸன் மாநிலம் 2008லேயே கட்டணத்தை எடுத்தது. பவேரியாவில் 2013 ஜனவரியில் வாக்காளர்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள், அந்த வருடமே அங்கும் போனது. கடைசியாக நீடர்சாக்சன், 2014ல். ஆக, இது யாரோ ஒரு மகாராஜா கொடுத்த தானம் அல்ல. ஓட்டுப் போடுகிறவர்கள் சண்டை போட்டு வாங்கியது. வெளிநாட்டு மாணவனுக்கென்று தனி விலைப்பட்டியல் பெரும்பாலான மாநிலங்களில் போடவில்லை, அவ்வளவுதான். அந்த இடுக்கில் நாம் நுழைந்துகொண்டோம்.

அவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகும் நாடு. இங்கேயே படித்தவனுக்கு வேலை தேட 18 மாத அனுமதி கொடுக்கிறார்கள். அவன் வேலைக்குப் போனால் சம்பளத்தில் பிடிக்கும் வரியிலேயே போட்ட காசு திரும்பிவிடும். என் சம்பளச் சீட்டைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

இந்த இடுக்கு சின்னதாகிக்கொண்டும் வருகிறது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் (ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க், கார்ல்ஸ்ரூஹ, ஃப்ரைபுர்க் எல்லாம் அங்கேதான்) 2017 குளிர்கால (அக்டோபரில் தொடங்கும்) செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பவேரியா சட்டத்தைத் தளர்த்தியபிறகு, முனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வருகிற குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு 4,000 முதல் 6,000 வரை. அதுவும் செமஸ்டருக்கு, வருடத்துக்கு இல்லை. "ஜெர்மனி முழுக்க ஃப்ரீ" என்று ரீல்ஸில் சொல்கிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் உச்சரிப்பதே இல்லை.

19 மே 2024

ஏஜென்ட்டுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அங்கிருந்து அவருக்குக் கமிஷன் வராது, அதனால் உங்களிடம் வாங்குகிறார். இல்லாவிட்டால், "உன் மார்க்குக்கு பப்ளிக் கிடைக்காது தம்பி" என்று சொல்லி, வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் வாங்கும் தனியார் கல்லூரிப் பக்கம் தள்ளுவார். அங்கே கமிஷன் உண்டு. சேர்க்கைக் கடிதம் வந்தால் முதலில் பாருங்கள், அது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா? "ஸ்டேட் ரெகக்னைஸ்டு" என்று போட்டிருப்பதால் மட்டும் அது அரசுடையது ஆகிவிடாது.

2 ஜூன் 2024

7.4க்குக் கிடைக்குமா? கணக்குப் போட்டே பார்ப்போம்.

இங்கே 1.0 என்றால் முதல் தரம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம் மார்க்கை இந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது, மாற்றியமைத்த பவேரியன் ஃபார்முலா. அதிகபட்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழி. அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத் தேர்ச்சியைக் கழித்து வருவதால் அதை வகு. மூன்றால் பெருக்கு, ஒன்றைக் கூட்டு. தம்பிக்கு 10 கழித்தல் 7.4, அது 2.6. குறைந்தபட்சம் 5 என்றால் கீழே 5. மொத்தம் 2.56.

பல முதுகலைப் படிப்புகளில் 2.5 வரைதான் வாசல். 7.5 இருந்திருந்தால் சரியாக 2.5. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டில் உருண்டு புரண்டாவது அதை ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குறைந்தபட்சத் தேர்ச்சி 5ஆ 6ஆ என்பது எந்த வருட ரெகுலேஷனில் படித்தான் என்பதைப் பொறுத்தது. 6 என்று எடுத்தால் அதே 7.4க்கு 2.95 வரும், பாதிக் கதவு மூடிவிடும். மார்க் ஷீட்டின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

விண்ணப்பம் பல இடங்களுக்கு யூனி அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போகும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. நேரடியாக வாங்கிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எந்தெந்தப் படிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று தேட டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளம் போதும், அதற்குக் காசில்லை. குளிர்கால செமஸ்டருக்குப் பொதுவாக ஜூலை 15 கடைசி, ஆனால் வெளிநாட்டவர் அதிகம் வரும் படிப்புகள் மார்ச், ஏப்ரல், மே என்று முன்னதாகவே மூடிவிடும்.

3 ஜூன் 2024

1.0 முதல் தரம் என்றதும் நினைவு வந்தது. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பரில் 1.7 வாங்கிவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா, "பரவால்ல கண்ணு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். அப்பாவிடம் மெதுவாக, "நூத்துக்கு ரெண்டு கூட வரலியாம்" என்று சொன்னதும் போனில் கேட்டது.

23 ஜூன் 2024

பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு என்ன வழி என்று திருச்சியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அம்மா, பிளஸ் டூ மட்டும் இருந்தால் நேரடியாக இளங்கலை கிடைக்காது. ஸ்டூடியன்கோலேக் என்று ஒரு வருட ஆயத்தப் படிப்பு இருக்கிறது. அரசு நடத்துவதில் கட்டணம் இல்லை, ஆனால் நுழைவுத் தேர்வே ஜெர்மன் மொழியில்தான். ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருந்தால் பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு நேரே போகலாம். அல்லது இங்கேயே பிஇ சேர்ந்து முதல் வருடத்தை நல்லபடியாக முடித்தால், அதே துறையில் அங்கே முதல் வருடத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்த வழியில் போனாலும் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். பதினெட்டு வயதில் புது மொழியில் தெர்மோடைனமிக்ஸ் படிப்பது எல்லாருக்கும் முடிகிற காரியம் இல்லை. என் தங்கை கேட்டாள் என்றால், இங்கே டிகிரி முடி, கூடவே ஜெர்மன் கற்றுக்கொள், முதுகலைக்குப் போ என்றுதான் சொல்வேன்.

மெடிசின்? சி1 அளவு ஜெர்மன், அதாவது சரளமாகப் படித்துப் பேசும் மேல்படி, ஜெர்மன்காரர்களுக்கே இடம் கிடைக்காத போட்டி. நீட்டிலிருந்து தப்பிக்கும் வழி என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

8 செப்டம்பர் 2024

மேலே 11,208 என்று எழுதியதை இனி பார்க்காதீர்கள். இந்த மாதத்திலிருந்து 11,904, மாதம் 992. ரூபாயில் 11 லட்சம் தாண்டுகிறது.

17 நவம்பர் 2024

மாதம் 992ல் வாழ முடியுமா, வேலை செய்து சமாளிக்க முடியுமா. இதையே விதவிதமாகக் கேட்கிறீர்கள்.

எந்த ஊர் என்பதில்தான் பாதி பதில். கெம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ் மாதிரி கிழக்குப் பக்க ஊர்களில் மாணவர் விடுதி அறை 250, 300 யூரோவில் கிடைத்துவிடும். முனிச்சில் அந்தக் காசுக்குப் படுக்கை விரிக்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். இன்ஷூரன்ஸ் கட்டாயம், அரசுவழி மாணவர் இன்ஷூரன்ஸ் இப்போது மாதம் 120, 130. அந்த மாணவர் விலை 30 வயது வரைக்கும்தான், இடையில் வேலை பார்த்துவிட்டு 31, 32ல் வர நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, சமைத்துச் சாப்பிட்டால் 150க்கு மேல் 200க்குள். பருப்பு விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்துக்கொண்டே கடையில் நிற்கும் வியாதி ஓரிரு மாதத்தில் தானாகப் போய்விடும்.

வேலை. இந்த மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம், அதற்கு முன் 120, 240. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ. மினிஜாப் என்ற சின்னப் பகுதிநேர வேலை என்றால் மாதம் 538 வரை, அதாவது 43 மணி நேரம், வாரத்துக்குப் பத்து மணி. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் (ஹிவி என்போம்) அந்த நேரம் 140 நாள் கணக்கில் சேராது. அதனால் அதற்கு அடிதடி.

நான் முதலில் போனது ஒரு கிடங்கு வேலைக்கு. குளிர்காலத்தில் ராத்திரி ஷிஃப்ட், பார்சலைப் பிரித்து அடுக்குவது. வேலை கஷ்டம்தான், அதைவிடக் கஷ்டம் அடுத்த நாள் காலை எட்டு மணி வகுப்பு. சூப்பர்வைசர் சொல்வது பாதி புரியாது, சிரித்துத் தலையாட்டுவேன். ஒருநாள் அவர் ஏதோ கேட்க, வழக்கம்போலத் தலையாட்டினேன். கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க வேலைக்கு வருகிறேன் என்று சம்மதித்திருக்கிறேன் என்பது பட்டியல் ஒட்டியபிறகு தெரிந்தது. அந்த வாரத்திலிருந்துதான் ஜெர்மன் புத்தகத்தை ஒழுங்காகத் திறந்தேன்.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். ஃபீஸில் மிச்சமாகிற காசில் ஒரு பங்கை மொழிக்குப் போடுங்கள். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, வேறு நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். விமானம் ஏறும்போது பி1, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கும் நடுப்படி ஜெர்மன், கையில் இருக்க வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில் என்பது வகுப்பறைக் கதவு வரைக்கும்தான். வீட்டு ஓனர், டாக்டர், வேலை இன்டர்வியூ, தபால் பெட்டியில் விழும் சாம்பல் நிறக் கவர், எல்லாம் ஜெர்மன்.

20 நவம்பர் 2024

"மண்டபம் ஃப்ரீ, சாப்பாடு நம்ம செலவுன்னு சொல்லுங்க" என்று சேலத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் இத்தனை பக்கம் எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டார். போங்கண்ணா.

12 ஜனவரி 2025

தேர்வு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். பிப்ரவரி வந்தால் இந்த ஊர் லைப்ரரிகளில் நம் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

இன்டர்னல் மார்க் என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. அட்டெண்டன்ஸ் கிடையாது. வந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள், அதில்தான் ஆள் விழுவது. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, முழு மார்க்கும் அதில். தேர்வுக்கு நாமே போய்ப் பதிவு செய்ய வேண்டும், தேதி போனால் போனதுதான். சில பாடங்களில் வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரில், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர். "எக்ஸ்பெக்டட் கொஸ்டின்" என்று ஒரு தாளை ஜெராக்ஸ் கடையில் வாங்கிப் படித்து வளர்ந்த நமக்கு முதல் செமஸ்டர் தலை சுற்றும். மாணவர் சங்கங்களில் பழைய வினாத்தாள் வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள்.

ஒரு பாடத்துக்குப் பல இடங்களில் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். அதோடு நிற்காது, பொதுவாக அதே படிப்பில் நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. நம்மூரில் அரியர் வைத்து அரியர் வைத்து ஒருநாள் கிளியர் பண்ணுவது போலக் கிடையாது. எனக்கு மேல் செமஸ்டரில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் இருந்தார். மூளைக்குக் குறைவில்லை. வாடகைக்கும் வீட்டுக் கடன் தவணைக்கும் சேர்த்து அவரே சம்பாதிக்க வேண்டியிருந்தது, வாரம் முழுக்க டெலிவரி. மூன்றாவது தடவையும் கன்ட்ரோல் தியரி போய்விட்டது. வேறு ஊரில், வேறு படிப்பில், முதலிலிருந்து ஆரம்பித்தார். விசாவைக் காப்பாற்ற அவர் அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தபிறகுதான் கிடங்கு வேலையை விட்டேன்.

உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்று கொடுத்துத் தேர்விலிருந்து விலகலாம், அது வாய்ப்பாகக் கணக்காகாது. காய்ச்சலோடு போய் எழுதி ஒரு வாய்ப்பைத் தின்றுவிடாதீர்கள்.

15 ஜனவரி 2025

சில்லறை மாற்றங்கள். குறைந்தபட்சக் கூலி 12.82, மினிஜாப் வரம்பு 556. மாணவர் இன்ஷூரன்ஸ் 140 தாண்டிவிட்டது. நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகும் பாஸ் மாணவர்களுக்குப் பொது விலையில் 60 சதவீதம். அது 29.40லிருந்து 34.80 ஆகிறது, செமஸ்டருக்கு 208.80. செமஸ்டர் தொகையில் பெரிய பங்கு இதுதான். அதைக் "கட்டணத்தை ஏத்திட்டாங்க" என்று வீடியோ போடுகிறார்கள்.

9 மார்ச் 2025

"நார்வேயில் எல்லாமே ஃப்ரீ, அங்கே ஏன் யாரும் போவதில்லை?" தம்பி, நீங்கள் படித்தது பழைய கட்டுரை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் நார்வே 2023 இலையுதிர் காலத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது. டென்மார்க் 2006லேயே ஆரம்பித்தது, ஸ்வீடன் 2011, பின்லாந்து 2017. ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தினார்கள். பிரான்ஸ் 2019ல் நமக்குத் தனிக் கட்டணம் வைத்தது, ஆனால் நிறையப் பல்கலைக்கழகங்கள் விலக்குக் கொடுத்து உள்ளூர் விலையே வாங்குகின்றன. சேருமிடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியா செமஸ்டருக்கு 726.72 யூரோ. அந்த 72 சென்ட்டை யார் கண்டுபிடித்தார்களோ. செக் குடியரசில் செக் மொழியில் படித்தால் இலவசம். செக் மொழி இலக்கணத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

6 ஏப்ரல் 2025

முன்னால் எழுதிய இரண்டு விஷயத்தில் இப்போது மனம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

ஒன்று, பாடன்-வூர்ட்டம்பெர்க். 1,500 யூரோ என்றதும் அந்த மாநிலத்தையே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள், நானும் கிட்டத்தட்ட அந்தத் தொனியில்தான் எழுதியிருந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர் மேலே வாதாடியிருக்கிறார், நியாயம் இருக்கிறது. நான்கு செமஸ்டருக்கு மொத்தம் 6,000 யூரோ. அந்தப் பக்கம்தான் வாகனத் தொழில், இயந்திரத் தொழில், அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள் எல்லாம் கூடியிருக்கின்றன. படிக்கும்போதே ஒரு கம்பெனியில் வாரம் 20 மணி நேரம், மணிக்கு 15 யூரோ என்று கிடைத்தால் மாதம் 1,200 சுமார். கட்டிய கட்டணம் அரை வருடத்தில் வந்துவிடும், படித்து முடிக்கும்போது அனுபவமும் கையில் இருக்கும். என் ஊரில் வாடகை மலிவு, ஆனால் துறை சார்ந்த வேலைக்கு ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் என்று மேற்குப் பக்கம் பெட்டி தூக்க வேண்டியிருந்தது. மொத்தக் கணக்கில் ஃபீஸ் ஒரு வரி மட்டும்தான். அது பூஜ்யமாக இருக்கிறதே என்று மற்ற வரிகளைப் பார்க்காமல் விடக் கூடாது.

ஆனால் ஸ்டுட்கார்ட் அண்ணா, இப்போதைய நிலைமையையும் சொல்ல வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போன டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 2030க்குள் 35,000 வேலைக்கு மேல் குறைக்கிறார்கள். இந்த நேரத்தில் மெக்கானிக்கல் பையன் ஜெர்மன் தெரியாமல் வாகனக் கம்பெனி வாசலில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, கன்சல்டன்சி. வீட்டில் முதல் பட்டதாரி, ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதவே கை நடுங்கும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். அவர்கள் தெரிந்த ஒருவருக்குப் பத்து, பதினைந்தாயிரம் கொடுத்து விண்ணப்பத்தைச் சரிபார்த்துக்கொண்டால் அதில் தப்பொன்றும் இல்லை. லட்சக்கணக்கில் என்றால் என் கருத்து பழையதுதான்.

7 ஏப்ரல் 2025

"ஜெர்மனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், ஏன் எல்லாரும் அங்கேயே ஓடுகிறீர்கள்" என்றவருக்கு. கிண்டி மான்களுக்கு நடுவில் இருக்கும் ஐஐடி எப்படி வந்தது? 1959ல் பான் நகரில் மேற்கு ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய பேராசிரியர்களும் இயந்திரங்களும் வந்து ஆரம்பித்த இடம். அப்போது அவர்கள் இங்கே வந்தார்கள், இப்போது நாம் அங்கே போகிறோம். 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் இந்திய மாணவர்கள் 49,000க்கு மேல், வெளிநாட்டவரில் முதலிடம். சம்பந்தம் போதுமா?

27 ஜூலை 2025

பரமத்தி ஐயா எழுதியிருக்கிறார். கன்சல்டன்சிக்குக் காசு கட்டவில்லை. தம்பி கடைசி செமஸ்டரில் 7.52க்கு ஏற்றிவிட்டான், ஃபார்முலாவில் 2.49. ஒரு வருடம் ஹோசூரில் வேலை பார்த்துக்கொண்டே ஏபிஎஸ் வாங்கி, பி1 முடித்து, கிழக்குப் பக்கம் ஓர் ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். "மெயிலைத் திறந்து திறந்து பாத்துட்டு ஒறங்கவே மாட்டேங்கறானுங்க" என்கிறார். ஐயா, இந்த வருடத்திலிருந்து விண்ணப்பத்தை ஆன்லைன் போர்ட்டலிலேயே போட்டுவிட்டு, அவர்கள் பார்த்தபிறகு நேரில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அசல் தாள் எல்லாம் வரிசையாக இருந்தால் போதும். அவனைத் தூங்கச் சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2025

தம்பி வந்து சேர்ந்துவிட்டான். வந்த வேகத்தில் அவன் கேட்ட கேள்விகள் அடுத்து வருகிறவர்களுக்கும் ஆகும்.

வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் பணம் மாதாமாதம் வந்து விழுவதற்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கும் பல இடங்களில் இந்தப் பதிவுத் தாளைத்தான் கேட்பார்கள். அறையைப் பார்க்காமல், சாவி வாங்காமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். "நான் இப்போ லண்டன்ல இருக்கேன், சாவியைக் கூரியர்ல அனுப்பறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரருக்கு வீடே இருக்காது.

பிறகு ஒரு கடிதம் வரும், ரேடியோ, டிவி கட்டணம், மாதம் 18.36. "அக்கா, என்கிட்ட டிவியே இல்லை." இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம், கட்டியே ஆக வேண்டும். கூட்டு வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டி எல்லாரும் பங்கு போடலாம். விடுதியில் பொது வராந்தாவைப் பார்த்துக் கதவு இருக்கும் தனி அறை என்றால் அதுவே ஒரு வீடாகக் கணக்கு. கடிதத்தைக் குப்பையில் போட்டவர்களுக்கு அபராதத்தோடு அடுத்த கடிதம் வரும்.

11 ஜனவரி 2026

குறைந்தபட்சக் கூலி இந்த மாதத்திலிருந்து 13.90. மினிஜாப் வரம்பு 603.

தாராபுரத்திலிருந்து ஓர் அப்பா. மகளுக்கு 6.3, இரண்டு அரியர் இப்போதுதான் முடிந்தது, ஜெர்மன் தெரியாது. வீட்டை அடமானம் வைத்து 14 லட்சம் கடன் வாங்கலாமா, "ஃபீஸ் இல்லாத நாடுதானே, திருப்பிக் கட்டிடலாம்ல?" என்கிறார்.

இப்போது வேண்டாம் ஐயா. 6.3க்கு 5ஐக் குறைந்தபட்சமாக எடுத்தாலும் 3.22 வருகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் நல்ல படிப்பு கிடைப்பது கஷ்டம், அங்கே கிடைக்காதபோது உங்களைத் தனியார் கல்லூரிக்குத் திருப்ப ஆள் தயாராக இருப்பார். ரூபாயும் விழுந்துவிட்டது. யூரோ 100 ரூபாயைத் தாண்டியபிறகு அந்த 11,904 மட்டுமே 12 லட்சம். முதல் நாளிலிருந்தே தவணை நினைப்போடு வந்து வேலை வேலை என்று ஓடினால் மூன்று வாய்ப்புத் தேர்வை எப்படி எழுதுவாள்? மேலே ஜனவரி 12 போன வருடக் குறிப்பைப் படித்துப் பாருங்கள்.

மகள் முதலில் தன் துறையில் ஒரு வேலைக்குப் போகட்டும். ஒன்றிரண்டு வருட அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்கும் படிப்புகள் சில பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன, அவையும் கட்டணம் இல்லாதவைதான். சம்பளத்தில் ஜெர்மன் வகுப்புக்குக் கட்டட்டும். பி1 சான்றிதழ் வந்தபிறகு மார்க் ஷீட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்கட்டும்.